முதுகுக்கு ஒன்பதரை மார்க்

சிறந்த துணை நடிகைக்கான வெள்ளிச் சங்கு விருதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய நாங்கள் நாலு பேர் கூடிய அந்த வியாழக்கிழமை மத்தியானம், நாலு பேரில் ஒருத்தர்கூட போட்டியில் இருந்த ஐந்து படத்தையும் பார்த்திருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எவனாவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மானம் மிஞ்சும்.

என் பெயர் பெல்கிஸ். சாந்தோ தொமிங்கோவில் ஒரு பத்திரிகைக்கு இருபத்து மூன்று வருஷமாகச் சினிமா விமர்சனம் எழுதுகிறேன். விமர்சகர் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். மற்றவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள், அதைப் படிக்கிற மாதிரி எழுதித் தருவது என் தலையெழுத்து.

நடுவர் குழுத் தலைவர் டாக்டர் ராடாமேஸ். எழுபத்து நாலு வயது. டாக்டர் என்றால் பல் டாக்டர். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் முதல் திரைப்படக் கழகத்தை ஆரம்பித்தாராம், அந்தக் கடனை நாங்கள் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறோம். எந்த நடிகை திரையில் வந்தாலும் மனுஷன் முதலில் பார்ப்பது கடைவாய்ப் பல்லைத்தான். அடுத்தவர் பேராசிரியர் பெர்சியோ. பல்கலைக்கழகத்தில் என்ன பாடம் எடுக்கிறார் என்று அவருடைய மாணவர்களுக்கே தெரியாது. மூன்றாவது மிலெடிஸ், காலை நேரத் தொலைக்காட்சியில் சிரித்துக்கொண்டே பேசுகிறவள். அவளுக்கு நடிப்பு என்றால் அழுகை. எத்தனை சொட்டு விழுந்தது என்று எண்ணிச் சொல்வாள்.

உணவகத்தில் பெரிய சட்டி நிறைய சன்கோச்சோ வந்தது. கறியும் கிழங்கும் வாழைக்காயும் சேர்ந்து கொதித்த அந்தக் குழம்பு உள்ளே இறங்கினால் யாருக்கும் நல்ல மனசு வரும். ஆனால் சினிமாக்காரர்களுக்கு வராது.

முதல் பெயர் யோகாஸ்தா பெய்னா. எங்கள் ஊரின் பெரிய நட்சத்திரம். நூற்றுப் பத்து நிமிஷப் படத்தில் எண்பத்து நாலு நிமிஷம் திரையில் இருக்கிறார். நான் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். அப்புறம் எப்படித் துணை நடிகை? படத்தின் தலைப்பில் இருப்பது ஒரு கழுதை. ஆகையால் கழுதைதான் முதன்மைப் பாத்திரம், அம்மணி அதற்குத் துணை. அப்படித்தான் தயாரிப்பாளர் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். முதன்மை நடிகை வரிசையில் போட்டி அதிகம், அதனால் இந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறார்.

"அவ வேணாம்," என்றார் டாக்டர்.

"ஏன் டாக்டர், நல்லாத்தானே பண்ணியிருக்காங்க?"

"மேல் வரிசைப் பல் நாலும் புதுசு. நான் பண்ணினது இல்ல."

இருபது வருஷம் அவரிடம் பல் பார்த்துக்கொண்டிருந்தவள் வேறு டாக்டரிடம் போய்விட்டாள். அந்தக் காந்தல். கழுதையோடு யோகாஸ்தாவும் வெளியேறினாள்.

இரண்டாவது ஒரு முன்னாள் அழகு ராணி. படம் முழுக்க முகப்பூச்சு இல்லாமல் நடித்தாராம், அதை எல்லாரும் துணிச்சல் என்று எழுதினார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் காலையில் ரொட்டி வாங்க வருகிற அத்தனை பெண்களும் அந்தத் துணிச்சலோடுதான் வருகிறார்கள், யாரும் சங்கு கொடுப்பதில்லை. மிலெடிஸ் அந்தப் பெயரைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள். இருவரும் ஒரே வருஷம் ஒரே போட்டியில் நின்றவர்கள். "மூஞ்சியைக் கழுவினதுக்கெல்லாம் பரிசா? சோப்புக்காரனுக்குக் கொடுங்க," என்றாள்.

மூன்றாவது செனட்டர் ஒருவரின் அண்ணன் மகள். பன்னிரண்டு நிமிஷம் இருமி இருமிச் சாகிறாள். அந்தப் படத்தின் இயக்குநர் ஒரு பேட்டியில் பெர்சியோவின் புத்தகத்தைத் தூக்க மாத்திரை என்று சொல்லிவிட்டான். "அந்த இருமல்ல அரசியலே இல்ல," என்று பெர்சியோ முடித்துவிட்டார். நாலாவது, ஊமை வேலைக்காரியாக நடித்த ஒரு பணக்கார வீட்டுப் பெண். பாத்திரத்துக்காக மூன்று மாதம் பாத்திரம் கழுவிப் பழகினாளாம். பழகியது சொந்த வீட்டில். பக்கத்திலேயே நிஜ வேலைக்காரி நின்று, அவள் கழுவியதை எல்லாம் மறுபடி கழுவினாளாம். இது எனக்கு அந்த வேலைக்காரியின் தங்கை சொன்ன தகவல். அந்தப் பெயரை நானே அடித்தேன்.

கடைசியில் மிஞ்சியது நூரிஸ் என்கார்னாசியோன். அறுபத்து நாலு வயது நாடக நடிகை. படத்தின் பெயர் 'கடலுக்குப் பின்னால் ஒரு கதவு'. நூரிஸுக்கு இந்த ஊரில் எதிரியே கிடையாது. எதிரி வேண்டுமென்றால் முதலில் யாராவது நம்மைக் கவனிக்க வேண்டுமே.

"ஐயோ, நூரிஸ்!" என்று மிலெடிஸ் நெஞ்சில் கை வைத்தாள். "நான் அழுதுட்டேன்க்கா. கண்மை கன்னம் பூரா வழிஞ்சு போச்சு."

"எந்த இடத்துல?" என்று கேட்டேன்.

"எல்லா இடத்துலயும்தான்."

"அவங்க நடிப்போட சாரமே இல்லாமைதான்," என்று பெர்சியோ ஆரம்பித்தார். "மத்தவங்க எல்லாம் திரையில இருக்கப் பாடுபடுறாங்க. இவங்க இல்லாம இருக்காங்க. அந்த வெற்றிடம் நம்மளை என்ன பண்ணுது பாருங்க!"

"வாயைத் திறக்கவே இல்ல," என்றார் டாக்டர். "இந்த வயசுல பல்லைக் காட்டாம நடிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல."

நான் மட்டும் சும்மா இருந்தேனா? இருந்திருந்தால் இந்தக் கதையை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லியிருப்பேன். "அந்த முதுகு!" என்றேன். "முதுகாலேயே பேசிட்டாங்க." நாலு பேரும் தலையை ஆட்டினோம். நாலு பேரும் பார்த்திருந்தது முன்னோட்டம் மட்டும்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதில் நாலு நொடி, கறுப்பு முக்காடு போட்ட நூரிஸ் ஒரு வாசலில் முதுகைக் காட்டி நின்று திரும்புவார். படத்தைப் பார்க்க ஒரு இணைப்பும் கடவுச்சொல்லும் அனுப்பியிருந்தார்கள். இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை. மூன்றாவது தடவை மின்சாரம் போனது. சரி, மற்ற மூன்று பேரும் பார்த்திருப்பார்களே என்று விட்டுவிட்டேன். மற்ற மூன்று பேரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள்.

மதிப்பெண் தாளில் குரல், உடல், முகம், உண்மை என்று நாலு கட்டம். உடலுக்கு ஒன்பதரை போட்டேன். உண்மைக்குப் பத்து.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டும். படத்தில் எந்தக் காட்சிக்காகப் பரிசு என்று அதில் குறிப்பிட வேண்டும். அதை மேடையில் வாசிப்பார்கள். கையெழுத்துப் போட மறுபடி வருவதென்றால் இந்த ஊர் நெரிசலில் அரை நாள் போய்விடும் என்பதால், நாலு பேரும் வெற்றுத் தாளின் அடியில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிடுவோம். மேலே எழுதுவது செயலாளர் பாடு. அன்றைக்கும் அப்படித்தான். கடைசிக் கிழங்குத் துண்டை டாக்டர் எடுத்துக்கொள்ள, தாளை நான் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை காட்சியின் பெயரை எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்குக் காட்சியே தெரியாது என்பது உறைத்தது. தயாரிப்பு அலுவலகத்துக்குப் போன் பண்ணிப் புதுக் கடவுச்சொல் வாங்கி, ஒரு பெரிய கோப்பைக் காப்பியோடு படத்தைப் போட்டேன்.

அடடா, அந்தப் படம்! ஒரு கதவு திறக்கிறது. காற்று வருகிறது. கதவு மூடுகிறது. ஒரு அம்மா, ஹுலியானா என்று பெயர், மேசையைத் துடைக்கிறாள். அவளுடைய மகள் படகில் ஏறி போர்த்தோ ரிக்கோவுக்குத் தப்பிப் போயிருக்கிறாள். மறுபடி கதவு. நாற்பது நிமிஷம் ஆயிற்று, நூரிஸைக் காணோம். இனிமேல்தான் வருவாராயிருக்கும் என்று காத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் பெயர்கள் ஓடின. பதினாலாவது பெயர், நூரிஸ் என்கார்னாசியோன்.

கண் அசந்துவிட்டேனோ என்று முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். இல்லை. முன்னோட்டத்தில் வந்த அந்த நாலு நொடிகூட இல்லை. எங்கள் குழு ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த சிறந்த துணை நடிகை அந்தப் படத்திலேயே இல்லை! எனக்குக் காது மடல் வரைக்கும் கொதித்தது. பெர்சியோவின் வெற்றிடம், டாக்டரின் மூடிய வாய், மிலெடிஸின் கண்மை, என் முதுகு. தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே, உள்ளங்கையால்.

இயக்குநர் ஹான்செலுக்குப் போன் போட்டேன். முப்பத்திரண்டு வயதுப் பிள்ளை, மூத்த பெண்களை ஊர் வழக்கப்படி மரியாதையாகத் 'தோன்யா' என்பான்.

"ஓ, அந்தக் காட்சியா தோன்யா? படத்தொகுப்புல வெட்டிட்டோம். பரிந்துரைப் படிவம் அதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

"ஏன் வெட்டினீங்க?"

"அவங்க வந்து நின்னதும் படம் அவங்களோடதா ஆயிடுது. அதுக்கப்புறம் கதவை யாரும் பார்க்க மாட்டேங்குறாங்க."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். படம் வேற வெளியாயிடுச்சு. இப்ப போய்ச் சொன்னா சங்கடமா இருக்காதா?"

"சரி, அந்தக் காட்சியையாவது எனக்கு அனுப்பு."

"ஹார்டு டிஸ்க்கை அடுத்த படத்துக்காக அழிச்சாச்சு தோன்யா."

நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லிவிட்டு வைத்தேன். அதை இங்கே எழுத முடியாது.

நூரிஸ் இருப்பது வில்லா ஹுவானாவில், ஒரு முடி அலங்காரக் கடைக்கு மேல் மாடியில். ஆறு பேரைத் திணித்துக்கொண்டு ஓடும் பொதுக் காரில் ஒரு தடியனின் தொடைமேல் பாதியும் கதவுமேல் பாதியுமாக உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை. நானோ வார்த்தையை விற்றுப் பிழைக்கிறவள்.

தலை நிறைய ரோலர் சுற்றிக்கொண்டு, கீழே கடையில் உலர்த்தி யந்திரத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தார் நூரிஸ். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு முடி ஒத்திகையாம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க தோன்யா பெல்கிஸ். உங்க நாலு பேர்ல யாராவது வர்றாங்களான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்க வருவீங்கன்னு நினைக்கல."

"நூரிஸக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"படத்துல நான் இல்ல. அதானே?"

கடைக்காரப் பெண் பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, தரையைப் பெருக்க ஆரம்பித்தாள்.

"படம் வெளியான வாரமே, செவ்வாய்க்கிழமை நாலு மணிக் காட்சிக்குப் போனேன்," என்றார் நூரிஸ். "தியேட்டர்ல ரெண்டே பேரு. இன்னொருத்தன் ஏசிக்கு வந்தவன், குறட்டை விட்டான். கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பேர் வந்துச்சு. லாரி ஓட்டுநருக்கு மேலே போட்டிருந்தாங்க, அதுல ஒரு சந்தோஷம்."

"அப்புறம் பரிந்துரைப் பட்டியல் வந்தப்போ ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? யாரும் என்னைக் கேக்கலையே. ஏழு பத்திரிகைக்காரங்க போன் பண்ணாங்க. ஏழு பேரும் படத்துல பிரமாதமா பண்ணியிருக்கீங்கன்னாங்க. நீங்களும் எழுதினீங்க."

கண்ணாடியின் ஓரத்தில் செருகியிருந்த பத்திரிகைத் துணுக்கை எடுத்து நீட்டினார். போன வாரம் என் பத்தியில் நான் எழுதியது. 'நூரிஸின் முதுகு பேசும் மொழியை நம் இளம் நடிகைகள் கற்க வேண்டும்.' சொந்த எழுத்தைப் பார்த்து உடம்பு கூசியது அன்றைக்குத்தான்.

"மன்னிச்சுடுங்கக்கா. பரிசு உங்களுக்குன்னு நேத்தே முடிவாயிடுச்சு. தீர்ப்புக் குறிப்பு எழுத வேண்டியவ நான்தான். உள்ளதை உள்ளபடி எழுதிடறேன். நாங்க யாருமே படம் பார்க்கலன்னு மேடையிலேயே வாசிக்கட்டும். மானம் போனா போகட்டும்."

"போதும், நிறுத்துங்க!" ரோலர் எல்லாம் ஆட அவர் தலையைத் திருப்பினார். "உங்க மனசைக் கழுவறதுக்கு என் பரிசைத் தண்ணியா ஊத்தப் பார்க்கிறீங்களா? உண்மை சொன்ன விமர்சகின்னு உங்க பேரு நாலு நாள் ஓடும். என்னை என்னன்னு சொல்வாங்க? படத்துல இல்லாமலே பரிசு வாங்கப் பார்த்த கிழவின்னு சொல்வாங்க."

சொன்னது அத்தனையும் சரி.

"நாப்பத்தோரு வருஷம்," என்றார். "முப்பத்தாறு படத்துல காப்பி கொண்டுவந்து வச்சிருக்கேன். வச்சிட்டுப் போற வரைக்கும் கேமரா காப்பியைத்தான் பார்க்கும். இந்த ஒரு படத்துலதான் பேச விட்டாங்க. பெதெர்னாலெஸ் கடற்கரையில, ஒரே காட்சி, மூணு நிமிஷம். முடிஞ்சப்போ விளக்குப் பிடிச்சவன் தொப்பியைக் கழட்டிட்டான். 'கட்'னு சொல்லவே யாருக்கும் தோணல. அது இப்ப எங்கேயும் இல்ல, என்கிட்ட மட்டும்தான் இருக்கு. நான் செத்தா அதுவும் போயிடும்."

"சங்கு உங்களுக்குத்தான். அதை யாரும் பிடுங்க முடியாது."

"சங்கை வச்சு நான் என்ன பண்ணப் போறேன், ஊதவா? எனக்கு அந்த மேடை வேணும். நாடே பார்க்கிற நேரத்துல மூணு நிமிஷம்."

அங்கேதான் சிக்கல். பரிசு வாங்குகிறவருக்கு நாற்பத்தைந்து நொடி. அதைத் தாண்டினால் இசைக்குழு வாசித்து விரட்டிவிடும். ஆளைத் தோளைப் பிடித்து அழைத்துப் போக இரண்டு அழகிகள் வேறு நிற்பார்கள். ஆனால் நடுவர் தீர்ப்பு வாசிக்கும்போது மட்டும் இசைக்குழு குறுக்கே வாசிக்கக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பெர்சியோ பதினோரு நிமிஷம் வாசித்தார், இசைக்குழுத் தலைவர் குச்சியைக் கையில் பிடித்தபடியே கொட்டாவி விட்டார், நாடே பார்த்தது.

பையிலிருந்து தாளை எடுத்தேன். நாலு கையெழுத்துக்கு மேலே, காரணம் என்ற இடத்தில், நூரிஸின் கண் எதிரே எழுதினேன்: 'எந்தக் காட்சிக்காக இந்தப் பரிசு என்பதை, நடுவர் குழுவின் சார்பில், நடிகையே இப்போது மேடையில் முன்வைப்பார்.' அவர் இரண்டு தடவை படித்தார். பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"இதாவது நடக்குமா, இல்ல இதையும் வெட்டிடுவீங்களா?"

"வெட்டினா என் கையை வெட்டுங்க."

சனிக்கிழமை காலை டாக்டர் போன் பண்ணினார். குரலில் பதற்றம். யோகாஸ்தாவின் ஆட்கள் மோப்பம் பிடித்துவிட்டார்களாம். நூரிஸ் படத்திலேயே இல்லை என்று ஊரெல்லாம் பேச்சாம். இப்போதே மாற்றினால் சங்கு கழுதைக்கே போகும்.

"பெல்கிஸ், நிஜமாவே இல்லையாம்மா?"

ஒரு வார்த்தை தவறினால் நூரிஸின் மூன்று நிமிஷம் போய்விடும். "என்ன டாக்டர், என்னைக் கேக்குறீங்க? பல்லைக் காட்டாம நடிச்சாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. பார்க்காமயா சொன்னீங்க?"

"பார்க்காம எப்படிச் சொல்வேன்? பார்த்தேன். நல்லா ஞாபகம் இருக்கு. வாயை மூடிக்கிட்டு நிப்பாங்க."

"அப்ப அவங்க இல்லன்னு சொல்றவன் பொய்யன்தானே?"

"சுத்தப் பொய்யன்!"

அரை மணி நேரத்தில் மிலெடிஸ். "அக்கா, என் தொலைக்காட்சி ஆளுங்க கேக்குறாங்க, நான் என்ன சொல்லட்டும்?" எந்த இடத்தில் அழுதாள் என்று கேட்டேன். "சரி சரி, அவங்க இருக்காங்கன்னே சொல்லிடறேன்," என்று வைத்துவிட்டாள். பெர்சியோவுக்கு நானே பேசினேன். அவர் பயப்படவே இல்லை. "இல்லாமைன்னு நான் அன்னிக்கே சொல்லல?" என்றார். அவருக்கு மட்டும் எப்படிப் பார்த்தாலும் வெற்றிதான். மூன்று பேரும் சொன்ன பொய்யிலேயே மாட்டிக்கொண்டு நிற்க, நான் அந்தப் பொய்க்குக் காவல் இருந்தேன். என் தொழிலில் இவ்வளவு ஒழுங்காக நான் வேறெதையும் பாதுகாத்ததில்லை.

ஞாயிறு மாலை அரங்கம் நிறைந்திருந்தது. யோகாஸ்தா முதல் வரிசையில் நாலு புதுப் பல்லும் தெரிய உட்கார்ந்திருந்தாள். அழகு ராணி அன்றைக்கு மூன்று வருஷத்துப் பூச்சையும் சேர்த்துப் பூசியிருந்தாள். நூரிஸ் சாம்பல் நிறத்தில் ஒரு சாதாரண உடை. அறிவிப்பாளன் உறையைப் பிரித்துப் பெயரைச் சொன்னான், கைதட்டினார்கள். தாளை வாசித்தான். வாசித்துவிட்டுத் தாளின் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தான். இசைக்குழுத் தலைவர் குச்சியைத் தூக்கிவிட்டு, தீர்ப்பு இன்னும் முடியவில்லை என்று யாரோ காதில் சொல்ல, கீழே இறக்கினார்.

நூரிஸ் சங்கை இரண்டு கையாலும் வாங்கினார். நன்றி சொல்லவில்லை. "ஹுலியானா வீட்டு வாசல்," என்றார். அவ்வளவுதான். அந்தப் பளபளப்பான மேடை எங்கே போயிற்று என்று எனக்கு இன்னும் தெரியாது. முக்காடு இல்லை, கதவு இல்லை. கையில் இருந்த சங்கை அவர் பிடித்த பிடியில் அது ஒரு பழைய காப்பிக் கெண்டி ஆகியிருந்தது.

"உன் கெண்டியைக் கொண்டாந்தேன் ஹுலியானா. மூணு மாசமாச்சு இல்ல? நீ கேக்கவே இல்ல, நானும் கொடுக்கல. கைப்பிடி ஆடிச்சு, கயிறு கட்டியிருக்கேன். உள்ள வரல, இல்ல, உட்காரல. அடுப்பு பத்த வைக்காதே, எனக்கு வேணாம். இன்னிக்கு மீன் வரல பார்த்தியா? கரையில ஆம்பளைங்க எல்லாம் சும்மா நிக்கிறாங்க. ஒருத்தனும் பேசல. இந்தா, பிடி. ஏன் வாங்க மாட்டேங்குற? உன்னுதுதானே. கொடியில உன் மக சட்டை காயுது, மஞ்சச் சட்டை. எடுத்து உள்ள வச்சுடு. மழை வரும்போல இருக்கு. ஹுலியானா, கெண்டியைப் பிடிடி. என்னால தூக்கிக்கிட்டு நிக்க முடியல."

மழை வராது. அது அவர் முகத்தில் தெரிந்தது. மகள் ஏறின படகு என்ன ஆயிற்று என்று கடைசிவரை சொல்லவே இல்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, எதிரில் இருக்கிற அந்த அம்மா வாங்கவில்லை, வாங்கினால் செய்தியையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டுமே. பக்கத்தில் மிலெடிஸ் அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹான்செல் இரண்டு வரிசை தள்ளித் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். குனியட்டும், நன்றாகக் குனியட்டும்.

கையை இறக்கினார் நூரிஸ். மறுபடி அந்தச் சாம்பல் உடைக்காரி ஆனார்.

"இதுதான் அந்தக் காட்சி," என்றார், சாதாரணக் குரலில். "படத்துல கிடையாது, வெட்டிட்டாங்க. நடுவர்களும் இன்னிக்குத்தான் பார்க்கிறாங்க. பார்க்காம கொடுத்ததை நான் எடுத்துட்டுப் போக மாட்டேன். இப்ப பார்த்தாச்சு இல்ல, உட்கார்ந்து மார்க் போடட்டும். தேறினா வீட்டுக்குக் கொடுத்து அனுப்பட்டும்."

சங்கை மேடை ஓரத்தில், எங்கள் நாலு பேருக்கு நேர் எதிரே, தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். கைதட்டல் வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது அவர் அங்கே இல்லை.

செவ்வாய்க்கிழமை அதே உணவகத்தில் மறுபடி கூடினோம். சங்க வரலாற்றிலேயே முதல் தடவையாக நடுவர்கள் அத்தனை பேரும் பரிசுக்குரிய நடிப்பைப் பார்த்திருந்தார்கள். மேசைமேல் சங்கு இருந்தது. சன்கோச்சோ ஆறிக்கொண்டிருந்தது.

"தொடங்கலாமா?" என்றேன். "டாக்டர், நீங்க சொல்லுங்க."

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார். பெர்சியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். மிலெடிஸ் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். பார்க்காத முதுகைப் பற்றி அரை மணி நேரம் வாய் கிழியப் பேசின கூட்டத்துக்கு, பார்த்த பிறகு ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கும் வரவில்லை. இருபத்து மூன்று வருஷ விமர்சகி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மலங்க மலங்க உட்கார்ந்திருந்தேன்.

"ஏதாவது எழுதணுமே பெல்கிஸ்," என்றார் டாக்டர் கடைசியில், மெதுவாக. "காரணம்னு ஒரு இடம் இருக்கே."

அந்த இடத்தில் 'பார்த்தோம்' என்று மட்டும் எழுதினேன். நாலு பேரும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டோம்.